நிறத்துக்கும் ஒரு ஜாதகம்

பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் வேறொரு பலன் என்று நமக்கு வரப்போவதைப் பல்லி முன்கூட்டியே அறிவிக்கும் என்பது நம் பெரியோர் நம்பிக்கை. காஞ்சி வரதராஜர் கோயிலுக்குச் சென்று தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கி வந்தவர்கள் நம் சங்கத்துக் குடும்பங்களிலும் பலர் உண்டு. மேனாடுகளிலோ இன்று காரியம் தலைகீழாக நடக்கிறது. அங்கே மனிதர்கள் பல்லிக்கு ஜாதகம் கணிக்கிறார்கள்!

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலங்களில் வாழும் ஒரு வகைப் பல்லிக்கு உடலெங்கும் சிறுத்தையைப் போன்ற புள்ளிகள் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். எந்த ஆணை எந்தப் பெண்ணுடன் சேர்த்தால் எந்த நிறக் குஞ்சு எத்தனை பிறக்கும் என்று காகிதத்தில் கட்டம் போட்டுக் கணக்கிட்ட பிறகே ஜோடி சேர்க்கிறார்கள். அரிய நிறத்துக்கு அதிக விலை. இதனைத் தொழிலாகவே நடத்துவோர் அங்கு உண்டு.

பல்லியை வளர்க்கும் ஆசை நம்மில் எவருக்கும் இராது என்பதை நான் அறிவேன். ஆயினும் அந்தக் கட்டக் கணக்கு பல்லிக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுத் திண்ணையில் தொங்கும் கூண்டுப் பறவைக்கும் அதுவே கணக்கு. இன்னும் சற்று ஆழ்ந்து நோக்கினால், நம் இல்லத்துத் திருமணப் பேச்சுக்கும் அதுவே கணக்கு. அதனாலேயே இதனை இவ்விதழில் எழுதத் துணிந்தேன்.

திண்ணையிலுள்ள பறவை

மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் பள்ளுருத்தியிலும் வாழும் நம் குடும்பங்களில், இடம் எவ்வளவு குறுகியதாயினும் ஒரு கூண்டும் நாலைந்து சிறு பறவைகளும் இருப்பதைக் காணலாம். 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் சொல்லும் இப்பறவைக்கு உண்மைப் பெயர் பட்ஜெரிகார். லவ் பேர்ட் என்னும் பெயருக்கு உரிய பறவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. உருவிலும் குணத்திலும் வேறானது. நம் கூண்டுப் பறவையின் தாயகம் ஆஸ்திரேலியா. 1840இல் ஜான் கௌல்டு என்னும் ஆங்கிலப் பறவையியல் அறிஞர் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அன்று முதல் அது உலகெங்கும் பரவிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். நம் நாட்டுப் பச்சைக் கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். ஊரிலிருந்து வரும்போது பிள்ளைகளுக்காகக் கிளிக்குஞ்சு வாங்கி வருவோர் இதனை நினைவிற் கொள்ளல் நலம். நம் கூண்டுப் பறவை அயல்நாட்டு இனமாதலால் அந்தத் தடை அதற்கு இல்லை.

தாயகத்தில் இப்பறவையின் நிறம் பச்சை ஒன்றே. இன்று கடைகளில் காணும் நீலம், மஞ்சள், வெள்ளை, ஊதா முதலிய யாவும் மனிதர் வளர்ப்பில் ஒவ்வொன்றாகத் தோன்றி, மனிதரால் பெருக்கப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெல்ஜியம் நாட்டில் நீலப் பறவை தோன்றியது. 1910இல் அதனை லண்டனில் கண்காட்சிக்கு வைத்தபோது பார்த்தோர் வியந்தனர். 1920களில் ஜப்பானியச் செல்வர் நீலப் பறவைக்காகப் பெரும் பொருளைக் கொட்டினர் என்பது வரலாறு.

பச்சைக்குள் மறைந்த நீலம்

பச்சைப் பறவைக்கு நீலக் குஞ்சு எங்ஙனம் பிறக்கிறது? இக்கேள்வி எழாத வீடில்லை. பச்சை ஜோடியின் மண் கலயத்தில் ஒரு நாள் நீலக் குஞ்சு தலை நீட்டினால், "வேறு முட்டை கலந்துவிட்டது" என்பார் ஒருவர். "கூண்டுக்கு அருகில் நீலத் துணி உலர்த்தினாய்" என்பார் மற்றொருவர். இரண்டும் காரணமல்ல.

முதலில் இறகின் நிறத்தை அறிவோம். அந்தப் பச்சை ஒரே சாயத்தால் ஆனதன்று. மஞ்சள் சாயம் ஒன்று இறகில் உண்டு. அது கிளி இனத்துக்கே உரியது. இறகின் உள்ளமைப்பு மிக நுண்ணியது. அது ஒளியைச் சிதறச் செய்து நீலமாகக் காட்டுகிறது. அதற்குப் பின்புலமாகக் கருஞ்சாயம் ஒன்று நிற்கிறது. மஞ்சளும் நீலமும் கூடிப் பச்சையாகத் தோன்றுகின்றன. மஞ்சள் சாயம் உண்டாகாத பறவை நீலமாகக் காணப்படும். கருஞ்சாயம் உண்டாகாத பறவையில் நீலத் தோற்றம் மறைந்து மஞ்சள் மட்டும் எஞ்சும். இரண்டுமே இல்லாவிடில் தூய வெள்ளை. ஆகவே நீலப் பறவை புதிதாக ஒன்றைப் பெற்றதன்று. இருந்த ஒன்றை இழந்தது. மஞ்சள் சாயத்தை உண்டாக்கும் மரபணு இன்னது என்பதையும், நீலப் பறவையில் அம்மரபணு ஒரே ஓரிடத்தில் மாறியிருப்பதையும் 2017இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்து வெளியிட்டனர்.

இனிக் கணக்கைக் காண்போம். இரயில்வேக்காரனாதலால் சீட்டைக் கொண்டே விளக்குகிறேன். ஒவ்வொரு பறவையும் மஞ்சள் சாயத்துக்கென இரண்டு சீட்டுகளை வைத்திருக்கிறது. ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. தனக்குக் குஞ்சு பிறக்கும்போது அவ்விரண்டில் ஒன்றை மட்டும் கொடுக்கிறது. எந்தச் சீட்டைக் கொடுக்கும் என்பது காசு சுண்டிப் பார்ப்பதைப் போன்றது. இரண்டு சீட்டில் ஒன்று நல்லதாயிருந்தாலும் மஞ்சள் உண்டாகும். பறவை பச்சையாகவே தோன்றும். இரண்டும் பழுதாயிருந்தால் மட்டுமே நீலம். எனவே பச்சையை ஓங்கு பண்பு என்றும் நீலத்தை ஒடுங்கு பண்பு என்றும் கூறுவர்.

ஒரு நல்ல சீட்டும் ஒரு பழுதான சீட்டும் உடைய பச்சைப் பறவை பார்வைக்கு முழுப் பச்சையே. அதன் வயிற்றில் நீலம் உறங்குவது எவர் கண்ணுக்கும் தெரியாது. இதனை மறை பச்சை என்று அழைப்போம். இதன் பின் கணக்கு எளிது:

தூய பச்சையும் நீலமும் சேர்ந்தால் குஞ்சுகள் யாவும் பச்சை. யாவும் மறை பச்சை.

மறை பச்சையும் நீலமும் சேர்ந்தால் பாதி நீலம், பாதி மறை பச்சை.

மறை பச்சை இரண்டு சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு நீலம், மற்றவை பச்சை. அப்பச்சையிலும் மூன்றில் இரண்டு பங்கு மறை பச்சை.

நீலமும் நீலமும் சேர்ந்தால் யாவும் நீலமே. அங்கே பச்சைக் குஞ்சு ஒன்று தோன்றினால், கூட்டமாக வளர்க்கும் கூண்டில் வேறோர் ஆண் பறவை புகுந்துவிட்டது என்று அறிக.

இக்கணக்கை உலகுக்கு அளித்தவர் கிரெகர் மெண்டல் என்னும் கிறிஸ்தவத் துறவி. இன்றைய செக் நாட்டிலுள்ள பர்னோ நகரத்து மடத்தில் இருந்தவர். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைப் பல்லாண்டு வளர்த்து, மஞ்சள் விதையையும் பச்சை விதையையும் ஒவ்வொன்றாக எண்ணினார். மறைபண்பு உடைய செடிகளிலிருந்து வந்த விதைகளில் மஞ்சள் 6,022, பச்சை 2,001. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. 1866இல் அச்சான அவருடைய கட்டுரையை அக்காலத்தார் பொருட்படுத்தவில்லை. 1884இல் அவர் இறந்தார். 1900இல்தான் உலகம் அக்கட்டுரையின் அருமையை உணர்ந்தது.

ஆனால் ஒன்று. மெண்டல் எண்ணியது எண்ணாயிரம் விதை. நம் கலயத்தில் இருப்பதோ நாலைந்து முட்டை. "நான்கில் ஒன்று நீலம் என்றீர்களே, ஐந்தும் பச்சையாகிவிட்டனவே!" என்று கணக்கின்மீது சினங்கொள்ளலாகாது. மறை பச்சை ஜோடிக்கு ஐந்து குஞ்சு பிறந்தால், ஐந்தும் பச்சையாக அமைவது ஏறக்குறைய நான்கு தடவையில் ஒரு தடவை நிகழக்கூடியதே. கணக்கு வாய்ப்பைக் கூறும், வாக்குறுதி தராது.

இடைநிறத்தின் சண்டை

ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்னும் பிரிவுக்கு அடங்காத நிறங்களும் உண்டு. நம் பகுதியைச் சேர்ந்த அன்பர் ஒருவர் கோபால்ட் என்னும் ஆழ்ந்த நீலநிற ஜோடி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினார். "பிறப்பவை எல்லாம் இதே நிறம்" என்று சொல்லி விற்றிருந்தார்கள். ஆறு குஞ்சுகள் பொரித்தன. இறகு முளைத்த பின் பார்த்தால் இரண்டு வெளிர் வான நீலம், மூன்று கோபால்ட், ஒன்று சாம்பல் கலந்த மங்கல் நிறம். அன்பர் கடையில் போய்ச் சண்டையிட்டார். கடைக்காரரோ, "என் பறவையில் குறை இல்லை, உன் கூண்டில்தான் குறை" என்றார். இருவரும் ஒருவரையொருவர் வஞ்சகர் என எண்ணிப் பிரிந்தனர்.

உண்மையில் அந்தக் குஞ்சுகள் கணக்குத் தவறாமல் பிறந்தவை. நிறத்தை ஆழமாக்கும் சீட்டு ஒன்று உண்டு. அது இல்லாத நீலப் பறவை வான நீலம். ஒன்று உள்ளது கோபால்ட். இரண்டு உள்ளது 'மாவ்' எனப்படும் மங்கல் நிறம். கோபால்டும் கோபால்டும் சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு வான நீலம், இரு பங்கு கோபால்ட், ஒரு பங்கு மாவ். கோபால்ட் ஜோடியில் கோபால்ட் மட்டுமே பிறக்கும் என்று எவர் கூறினும் நம்பற்க. குஞ்சு யாவும் கோபால்டாக வேண்டுமெனில், எவரும் விரும்பாத மங்கல் நிறப் பறவையை வான நீலத்தோடு சேர்க்க வேண்டும். கடையில் விலை குறைந்து மூலையில் கிடக்கும் அப்பறவையே கணக்கறிந்தவனுக்குச் செல்வம்.

மஞ்சள் குஞ்சும் பள்ளிக் கட்டணமும்

மூன்றாவது வகைக் கணக்கே பலரைத் திகைக்க வைப்பது. வெளிப் பகுதியில், தோபிகானாவுக்குச் சற்றுத் தொலைவில் வாழும் நம் அம்மையார் ஒருவர் துணி தேய்த்துக் கொடுத்து மகனைப் படிக்க வைக்கிறார். பள்ளிக் கட்டணத்துக்கு உதவுமென்று பறவை வளர்க்கத் தொடங்கினார். லூட்டினோ எனப்படும் செங்கண் மஞ்சள் பறவைக்கு விலை அதிகமென்று கேள்வியுற்று, மூன்று மஞ்சள் பெண் பறவைகளை வாங்கித் தம்மிடமிருந்த பச்சை ஆண்களுடன் சேர்த்தார். ஒரு பருவம் முழுவதும் காத்திருந்து பெற்ற பதினான்கு குஞ்சும் பச்சை. ஒன்றுகூட மஞ்சளில்லை. வந்த விலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இத்தொழிலுக்கே முழுக்குப் போட இருந்தார்.

இங்கே மறைந்திருக்கும் செய்தி இது. லூட்டினோவின் சீட்டு, ஆண் பெண் என்னும் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோமிலேயே அமைந்துள்ளது. பறவை இனத்தில் ஆணுக்கு அத்தகைய குரோமோசோம் இரண்டு, பெண்ணுக்கு ஒன்றே. எனவே ஆண் பறவை மஞ்சளை மறைத்து வைத்திருக்கக் கூடும். பெண்ணால் மறைக்க இயலாது. இருந்தால் தெரியும், தெரியாவிடில் இல்லை. அந்த ஒற்றைச் சீட்டைத் தாய்ப்பறவை மகன்களுக்கு மட்டுமே தருகிறது. மகள்களுக்குத் தந்தையின் சீட்டே கிடைக்கிறது.

ஆகவே மஞ்சள் தாய்க்கும் தூய பச்சைத் தந்தைக்கும் பிறந்த குஞ்சுகள் அனைத்தும் பச்சையாவது இயல்பே. ஆனால் அவற்றில் ஒவ்வொரு மகனும் மஞ்சளை மறைத்து வைத்திருக்கிறான்! அம்மையார் அன்றே ஜோடியை மாற்றி, மஞ்சள் ஆணைப் பச்சைப் பெண்ணுடன் சேர்த்திருந்தால் பிறந்த மகள்கள் யாவும் மஞ்சள், மகன்கள் யாவும் பச்சையாக இருந்திருக்கும். பொரித்த உடனே, மூடிய இமைக்குள் சிவந்து தோன்றும் கண்ணைக் கொண்டே அது பெண் என்று சொல்லிவிடலாம்.

அம்மையார் ஆண் குஞ்சுகளை விற்காமல் நிறுத்திக்கொண்டார். அவை ஓராண்டு வளர்ச்சி பெற்ற பின், வேறு குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் பெண் பறவைகளோடு சேர்த்தார். அந்தச் சேர்க்கையில் ஆணிலும் பெண்ணிலும் பாதி மஞ்சளாக வேண்டும். முதல் ஈட்டில் பதினொன்று பொரித்தன, ஐந்து மஞ்சள். மகனுடைய கட்டணம் அவ்வாண்டு கடனின்றிச் செலுத்தப்பட்டது. பயனற்றவை என்று விலைபேசப்பட்ட பச்சைப் பறவைகளிலேயே மஞ்சள் இருந்தது.

இதே வகைக் கணக்கு மனிதரிலும் உண்டு. ஆனால் மனிதரில் ஆணுக்கே அத்தகைய குரோமோசோம் ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. இரயில்வேயில் வண்டி ஓட்டும் வேலைக்கு வரும் இளைஞரின் கண்ணைச் சோதிக்கையில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் சிலர் அகப்படுவர். அக்குறை பெரும்பாலும் தாய்வழி வருவது. தாய்க்கு நிறம் நன்றாகத் தெரியும். அவள் தந்தைக்கு அக்குறை இருந்திருக்கலாம். வண்டி ஓட்ட விரும்பும் பையனுடைய தாய்வழிப் பாட்டனாருக்கோ மாமனுக்கோ நிறக்குறை உண்டெனில், படிப்பில் பணத்தைச் செலவிடும் முன்பே கண்ணைச் சோதித்து அறிதல் நன்று.

ரீவாவின் வெள்ளைப் புலி

நம் நாட்டிலேயே உலகறிய நடந்த நிறக் கணக்கு ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டு மே மாதம், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள ரீவாவின் மகாராஜா மார்த்தாண்ட சிங் வேட்டைக்குச் சென்றபோது வெள்ளைப் புலிக்குட்டி ஒன்றைப் பிடித்தார். மோகன் என்று பெயரிட்டுக் கோவிந்தகட் அரண்மனையில் வளர்த்தார். அதன் வம்சத்தைப் பெருக்க விரும்பி, பேகம் என்னும் சாதாரண நிறப் பெண்புலியுடன் சேர்த்தார். மூன்று ஈற்றுகள் நிகழ்ந்தன. ஒரு குட்டியும் வெள்ளையில்லை. நம் கட்டக் கணக்கை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. வெண்மை ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒரு நல்ல சீட்டு ஒவ்வொரு குட்டிக்கும் கிடைத்துவிட்டது.

பின்னர் மோகனுடைய மகள் ராதாவையே அதனுடன் சேர்த்தனர். 1958 அக்டோபர் 30 அன்று நான்கு குட்டிகள் பிறந்தன, நான்கும் வெள்ளை! பாதி வெள்ளை என்பதே கணக்கு. நான்கும் வெள்ளையாவது பதினாறில் ஒரு வாய்ப்பு. அந்நால்வரில் மோகினி என்பது 1960இல் கடல் கடந்து வாஷிங்டன் விலங்குச்சாலை சேர்ந்தது. இன்று உலகத்து விலங்குச்சாலைகளிலுள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை மோகனின் வழி வந்தவையே. சென்னை வண்டலூரில் நம் பிள்ளைகள் வியந்து நின்ற வெள்ளைப் புலிக்குப் பின்னாலும் இந்தக் கணக்கே இருக்கிறது.

ஆனால் அந்த வெண்மைக்கு அவ்விலங்குகள் கொடுத்த விலை மிக அதிகம். நிறம் கெடாமலிருக்கத் தந்தையோடு மகளையும், அண்ணனோடு தங்கையையும் திரும்பத் திரும்பச் சேர்த்தனர். ஒடுங்கியிருந்தது வெண்மை ஒன்று மட்டுமன்று; பல நோய்களின் சீட்டுகளும் ஒடுங்கியிருந்தன. அவையும் இரட்டை இரட்டையாக வெளிவந்தன. பலவீனமான குட்டிகள் பிறந்து மடிந்தன. வெள்ளைப் புலிகள் பலவற்றுக்கு மாறுகண்ணும் உண்டு; அது அந்நிறத்தோடேயே பிணைந்து வருவது. 2011இல் அமெரிக்க விலங்குச்சாலைகளின் சங்கம் வெள்ளைப் புலி இனப்பெருக்கத்தைத் தன் உறுப்புச் சாலைகளில் நிறுத்திவிட்டது.

முதலில் கூறிய பல்லியின் கதையும் இதுவே. எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் புதிதாகத் தோன்றிய ஒரு வகைக்குப் பெரும் மதிப்பு இருந்தது. அந்நிறத்தைத் தரும் மரபணுவே அதன் தோலில் கட்டியையும் வளர்க்கிறது. அந்நிறமுடைய பல்லிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை அந்நோய்க்கு ஆளாகின்றன என்பது 2021இல் வெளியான ஆராய்ச்சியால் உறுதியாயிற்று.

அதே 2021இல் பெங்களூரு விஞ்ஞானிகள் மற்றொன்றையும் கண்டனர். ஒரிசாவின் சிமிலிபால் காட்டில் உடலெங்கும் கறுத்த புலிகள் மிகுதி. அங்கே எவரும் அவற்றை வலிந்து ஜோடி சேர்க்கவில்லை. பிற காடுகளிலிருந்து துண்டிக்கப்பட்டு, எண்ணிக்கையிற் குறைந்த சிறு கூட்டமாகிவிட்டதால் உறவுக்குள்ளேயே இனம் பெருக நேர்ந்தது. வேறிடங்களில் மிக அரிதான ஒடுங்கு பண்பு அங்கே பெருகிவிட்டது.

நம் இல்லங்களும் இக்கணக்கும்

சொந்த ஊரைவிட்டு வந்து வேற்று மொழி நாட்டில் சிறு கூட்டமாக வாழும் நாம், அந்தக் காட்டின் செய்தியைச் சற்று நின்று கேட்க வேண்டியவர்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் நமக்கு இங்கே எளிதன்று. ஊரிலும் தொடர்பு குறைந்துவிட்டது. எனவே அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று கைக்கு எட்டும் உறவிலேயே முடித்துவிடுகிறோம். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் உறவில் மணந்தவர்கள். நாம் வாழும் கேரளத்திலோ அத்தகைய திருமணம் மிகக் குறைவு.

முறை உறவைப் பழிப்பது என் நோக்கமன்று. சொத்துப் பிரியாமை, பெண்ணுக்குத் தெரிந்த வீடு, முதியோருக்கு ஆதரவு என அதில் நம் பெரியோர் கண்ட நன்மைகள் உண்மையானவை. உறவில் பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர். ஆயினும் கணக்கு கணக்கே. ஒரு பாட்டனாரிடம் தலசீமியா போன்ற இரத்தக் குறையின் மறைந்த சீட்டு ஒன்று இருந்ததென்று கொள்வோம். அவர் மகன் வயிற்றுப் பேரனும் மகள் வயிற்றுப் பேத்தியும் மணந்தால், அவர்கள் குழந்தைக்கு அச்சீட்டு இரண்டும் சேர்ந்து நோய் வெளிப்படும் வாய்ப்பு 64இல் ஒன்று. தாய்மாமன் மணமாயின் 32இல் ஒன்று. அப்பேரன் உறவில்லாத பெண்ணை மணந்து, அந்நோய்ச் சீட்டு பொது மக்களில் நூற்றுக்கு ஒருவரிடம் இருப்பதாகக் கொண்டால், வாய்ப்பு 1,600இல் ஒன்றாகக் குறைகிறது.

இதிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, திருமணத்துக்கு முன் சோதனை. தலசீமியாவின் மறைந்த சீட்டை ஓர் இரத்தச் சோதனையால் அறியலாம். பத்துப் பொருத்தம் பார்ப்பவர் பதினோராவதாக இதனையும் பார்த்தால் குறைவில்லை. உறவில் மணம் செய்ய விரும்புவோரும், குடும்பத்தில் பிறவிச் செவிடோ இரத்தக் குறையோ கண்டவரும் மருத்துவக் கல்லூரி மருத்துவரிடம் மரபியல் ஆலோசனை கேட்கலாம்.

இரண்டாவது, "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது" என்னும் ஆறுதலை நம்பலாகாது. பெற்றோர் இருவரிடமும் மறைந்த சீட்டு இருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒன்று என்பதே வாய்ப்பு. காசு ஒவ்வொரு முறையும் புதிதாகவே சுண்டப்படுகிறது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. குறையுள்ள குழந்தை பிறந்த வீட்டில், "வந்தவளால் வந்தது" என்று மருமகளைப் பழிக்கும் கொடுமை இன்னும் நம்மிடையே ஒழியவில்லை. இத்தகைய ஒடுங்கு நோயில் இரண்டு சீட்டு வேண்டும். ஒன்று தாயினுடையது, மற்றொன்று தந்தையினுடையது. தன் சீட்டில் இன்னது எழுதியிருக்கிறது என்பதை இருவருமே அறிந்திலர். அறியாமல் இருவரும் தந்ததற்கு ஒருத்தி மட்டும் கண்ணீர் வடிப்பது எந்த நியாயத்தில் சேரும்? நீலக் குஞ்சுக்குத் தாய்ப்பறவையை மட்டும் காரணமாக்குவது எவ்வளவு பேதைமையோ, அவ்வளவு பேதைமை இதுவும்.

வளர்ப்போர் கவனத்துக்கு

இனிப் பறவை வளர்க்கும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பதிவேடாக வையுங்கள். ஒவ்வொரு பறவைக்கும் காலில் எண்ணிட்ட வளையம் இடுங்கள். தந்தை எண், தாய் எண், பொரித்த தேதி, நிறம் ஆகிய நான்கையும் தவறாது எழுதுங்கள். பதிவேடு இல்லாதவனுக்குக் கணக்கு இல்லை. நிறத்தை உறுதியாக அறிய வேண்டின் கூட்டமாக அடைக்காமல் ஜோடிக்கு ஒரு கூண்டு தாருங்கள். வளர்ந்த ஆணுக்கு மூக்கின் மேல்பகுதி நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். லூட்டினோ ஆணுக்கு மட்டும் அது இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவே நிற்கும்.

உங்கள் பச்சைப் பறவை நீலத்தை மறைத்து வைத்திருக்கிறதா என்று அறிய, அதனை ஒரு நீலப் பறவையோடு சேருங்கள். ஒரு குஞ்சு நீலமானாலும் ஐயம் தீர்ந்தது. பத்துக் குஞ்சும் பச்சையானால் அது தூய பச்சை என்றே கொள்ளலாம். தவறுவதற்கு ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு வாய்ப்பே உண்டு.

உடன்பிறந்த பறவைகளை நிறத்துக்காகச் சேர்க்காதீர்கள். வேறு வளர்ப்பாளரிடமிருந்து அயல் பறவையை மாற்றிக்கொள்ளுங்கள்; நம் சங்கத்துக் குடும்பங்களுக்குள்ளேயே இந்த மாற்றத்தை எளிதிற் செய்யலாம். ஓராண்டு நிரம்பாத பறவையை அடைகாக்க விடாதீர்கள். ஆண்டு முழுவதும் முட்டையிட விட்டால் தாய்ப்பறவை நலிந்துவிடும். இரண்டு ஈட்டுக்குப் பின் கலயத்தை எடுத்துவிடுங்கள். விலைபோகாத நிறமென்று எந்தப் பறவையையும் வெளியே பறக்க விட்டுவிடாதீர்கள். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த அதற்கு இரை தேடத் தெரியாது. காகத்துக்கும் பூனைக்கும் இரையாகிவிடும்.

கட்டம் போட்டுப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் தங்கள் பதிவேட்டுடன் ஞாயிறு மாலைகளில் சங்கத்து வாசகசாலைக்கு வந்தால் உடனிருந்து விளக்கக் காத்திருக்கிறேன். பிள்ளைகளுடன் பெரியவர்களும் வந்து, திருமணப் பேச்சு நடக்கும் வீட்டுக்குரிய கட்டத்தையும் ஒரு முறை போட்டுப் பார்த்தால் இன்னும் மகிழ்வேன்.